காலுக்குச் சப்பாத்தா, சப்பாத்துக்குக் காலா? – ஃபெல் ஓட்டச் சப்பாத்தின் கதை

சப்பாத்துக் கடைக்குப் போனால் எங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி "எத்தனையாம் இலக்கம்?" என்பதுதான். நாங்களும் யோசிக்காமல் ஏழு, எட்டு எண்டு சொல்லிவிடுகிறோம். அந்த இலக்கம் எங்கேயிருந்து வந்தது, அது எங்கட காலைப் பற்றி என்ன சொல்லுது, எதைச் சொல்லாமல் விடுது எண்டு கேட்பதில்லை. தார் வீதியில் நடக்கிற ஒருவருக்கு இது பெரிய பிரச்சினையாக இருக்காது. ஈரப் புல்லும் சேறும் கல்லும் கலந்த செங்குத்தான சரிவில் ஓடி இறங்குகிற ஒருவருக்கு, முழங்காலும் பல்லும் தப்புமா என்பதே இந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கு.

எங்கட வயதுக்காரர் கனபேர் இப்ப படிக்கவும் வேலை செய்யவும் வட இங்கிலாந்துப் பக்கம் போயிருக்கினம். ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஓடப் போகும் குழுக்கள் அந்த ஊர்களில் நிறைய இருக்கின்றன. 'ஃபெல் ஓட்டம்' எண்டு சொல்லப்படும் அந்த விளையாட்டுக்குள் காலடி வைக்கும் நண்பர்கள் கேட்பது: "முதல் சோடி எதை வாங்கிறது? எந்த அளவில் வாங்கிறது?" ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இந்தச் சப்பாத்து உருவான கதையைத் தெரிந்துகொண்டால், எந்தக் கடையில் நின்றாலும் தாங்களாகவே தெரிவு செய்யலாம். அதனால் கதையிலிருந்தே தொடங்குகிறோம்.

மலையும் மேய்ப்பரும்

வட இங்கிலாந்தில் மரமில்லாத திறந்த மலைமேட்டை 'ஃபெல்' என்பார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே குடியேறிய ஸ்கண்டிநேவியர் விட்டுச் சென்ற சொல் இது. பழைய நோர்ஸ் மொழியில் மலையைக் குறித்த சொல்லின் வழி வந்தது. 'விழுந்தான்' எண்டு பொருள்படும் இங்கிலீசுச் சொல்லோட இதுக்கு உறவு கிடையாது. ஓடிப் பார்த்தவர்கள் மட்டும் உறவு இருக்கு எண்டுதான் சொல்லுவினம்.

உயரத்தை மட்டும் பார்த்தால் இவை பெரிய மலைகள் இல்லை. இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக் 978 மீற்றர். எங்கட பீதுருதாலகாலையின் அரைவாசி கூட வராது. கஷ்டம் உயரத்தில் இல்லை, தரையில் இருக்கு. பாதை இருக்காது. இருந்தாலும் ஆடுகள் நடந்து போட்ட ஒற்றையடித் தடமாக இருக்கும். ஒரு நிமிடம் முழங்கால் வரை புதையும் கரிச்சேறு, அடுத்த நிமிடம் பாசி பிடித்த பாறை, அதுக்குப் பிறகு உருளும் கற்குவியல். பல போட்டிகளில் எந்த வழியால் போவது எண்டு ஓடுபவரே தீர்மானிக்க வேண்டும். குறிப்பிட்ட இடங்களைத் தொட்டுவிட்டு வந்தால் சரி.

இந்த ஓட்டம் மைதானத்தில் பிறக்கவில்லை. மலையில் ஆடு மேய்த்தவர்கள், கல்லுடைத்தவர்கள், பயணிகளுக்கு வழி காட்டியவர்கள் ஊர்த் திருவிழாக்களில் பந்தயம் பிடித்து ஓடியதில் பிறந்தது. லேக் டிஸ்ரிக்ற் பகுதியின் கிராஸ்மியர் ஊர் விளையாட்டு விழாவில் 1868இல் தொடங்கிய 'வழிகாட்டிகள் ஓட்டம்' இன்றும் நடக்கிறது. வென்றவருக்குக் காசு கிடைத்தது. பரிசுக் காசு வாங்கியவரைத் தூய அமெச்சூர் விளையாட்டு அமைப்புகள் கிட்ட எடுக்கவில்லை. மேய்ப்பர் ஒரு பக்கம், கழகத்துக் கனவான்கள் இன்னொரு பக்கம் எண்டு நீண்ட காலம் பிரிந்தே கிடந்தது. ஃபெல் ஓட்டக்காரர் சங்கம் உருவானதே 1970இல்தான்.

இவ்வளவு சிறிய, இவ்வளவு பிளவுபட்ட ஒரு விளையாட்டுக்கெண்டு தனியாகச் சப்பாத்து செய்ய எந்தப் பெரிய கொம்பனிக்கும் தேவை இருக்கவில்லை. ஓடியவர்கள் காலில் கிடந்ததோடுதான் ஓடினார்கள்.

ஆணியும் கன்வஸும்

19ஆம் நூற்றாண்டில் மலைக்குப் போட்டது தடித்த தோல் பூட்ஸ். அதன் அடியில் இரும்பு ஆணிகள் அடித்திருப்பார்கள். புல்லிலும் மண்ணிலும் ஆணி நன்றாகப் பிடிக்கும். ஆனால் பாரம் கூட. வழுவழுப்பான கல்லில் இரும்பு சறுக்கும்.

1932 ஜூனில் கெஸ்விக் என்ற ஊரில் விருந்தினர் விடுதி நடத்திய பொப் கிரஹாம் என்பவர், 24 மணித்தியாலத்துக்குள் 42 மலைகளை ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தார். அவர் எடுத்தது 23 மணித்தியாலமும் 39 நிமிடமும். தூரம் ஏறத்தாழ 100 கிலோமீற்றர், ஏற்றம் 8,000 மீற்றருக்கு மேல். அவர் காலில் இருந்தது ரெனிஸ் சப்பாத்து. அதாவது கன்வஸ் துணியும் தட்டையான றப்பர் அடியும். மேலுக்குப் பிஜாமாச் சட்டை. 28 ஆண்டுகள் யாராலும் அதைத் திருப்பிச் செய்ய முடியவில்லை. இன்றைக்கும் 'பொப் கிரஹாம் சுற்று' எண்டு அதே பாதையை ஆட்கள் ஓடுகிறார்கள்.

அந்தக் கன்வஸ் சப்பாத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனெனில் அது எங்களுக்கு அந்நியமானது இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்துப் போட்டுக்கொண்டு போன கன்வஸ் சப்பாத்து இதன் நெருங்கிய சொந்தம். அதன் அடி றப்பர் இன்னும் நெருக்கமான சொந்தம். 1876இல் பிரேசிலில் இருந்து ஹென்றி விக்கம் கொண்டுவந்த றப்பர் விதைகள் லண்டனின் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டு, அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் தோட்டப்புற றப்பர் வரலாறு அங்கிருந்துதான் கிளைக்கிறது. பொப் கிரஹாம் ஓடிய 1932ஆம் ஆண்டளவில் உலகச் சந்தைக்கு வந்த றப்பரில் மிகப் பெரிய பங்கு மலாயா, டச்சுக் கிழக்கிந்தியா, இலங்கைத் தோட்டங்களில் இருந்தே போனது. மலாயாவிலும் இங்கேயும் விடியமுதல் எழும்பிப் பால் வெட்டியவர்களில் பெருந்தொகையானோர் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களில் கனபேர் அந்த மரங்களுக்குள் வெறுங்காலோடு நடந்தார்கள். விளையாட்டுச் சப்பாத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கால்களை எழுதுவது குறைவு.

தட்டை றப்பர் உலர்ந்த கல்லில் நல்லாய் ஒட்டும். ஈரப் புல்லில் ஐஸ் மாதிரி வழுக்கும். ஆணி புல்லுக்குச் சரி, கல்லுக்குச் சரியில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு அடி தேவை எண்டு உலகம் உணர்ந்தது ஒரு மரணச் சம்பவத்தால். 1935இல் இத்தாலிய அல்ப்ஸ் மலையில் ஆறு பேர் இறந்தார்கள். காலநிலைக்குப் பொருந்தாத பாதணியும் அதற்கு ஒரு காரணம் எண்டு கருதிய அவர்களின் தோழர் விற்றாலே பிரமானி, றப்பரிலேயே ஆழமான பல்வரிகள் வைத்து ஒரு அடியை உருவாக்கினார். 1937இல் வந்த அந்த அடிதான் பின்னர் 'விப்ரம்' என்ற பெயரில் உலகமெங்கும் மலைப் பூட்ஸுகளுக்குப் போனது. ஆணியின் பிடியை றப்பருக்குள் கொண்டுவரலாம் எண்டு அது காட்டியது. ஆனால் அது நடப்பவருக்கான பூட்ஸ், ஓடுபவருக்கு இன்னும் பாரம்தான்.

இதனால் 1960இல் கூட நிலைமை பெரிசாக மாறவில்லை. வாஸ்டேல் பள்ளத்தாக்கின் ஆட்டுப் பண்ணைக்காரர் ஜோஸ் நெய்லர் தன்னுடைய முதல் மலையோட்டப் போட்டியை, வேலைக்குப் போடும் பூட்ஸோடும் முழங்காலோடு வெட்டிய காற்சட்டையோடும் ஓடினார். அதே மனிதர் 1975இல் 24 மணித்தியாலத்துக்குள் 72 சிகரங்களைத் தொட்டார். இரண்டுக்கும் இடைப்பட்ட 15 ஆண்டுகளில்தான் ஃபெல் ஓட்டத்துக்கெண்டு ஒரு சப்பாத்து வேர் பிடித்தது.

போல்ரன் பட்டறை

அது வந்தது மலையில் இருந்து இல்லை, பஞ்சாலை நகரமான போல்ரனில் இருந்து. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஜோசப் வில்லியம் ஃபொஸ்ரர் என்பவர் ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்துகளைக் கையால் செய்து விற்கத் தொடங்கினார். அந்தக் குடும்பப் பட்டறையில் தொழில் பழகிய இளைஞர்களில் ஒருவர் நோர்மன் வோல்ஷ். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய பிரித்தானிய அணியினருக்கான சப்பாத்துகளில் அவருடைய கைவேலை இருந்தது.

அந்த ஒரே பட்டறையில் இருந்து இரண்டு பாதை பிரிந்தது. ஃபொஸ்ரரின் பேரப்பிள்ளைகள் இருவர் 1958இல் தனியாகப் போய்த் தொடங்கிய வியாபாரம், கொஞ்ச நாளில் 'ரீபொக்' எண்டு பெயர் எடுத்தது. 1980களில் அது அமெரிக்கச் சந்தையில் பெரும் கொம்பனியானது. நோர்மன் வோல்ஷ் 1961இல் தன்னுடைய சின்னப் பட்டறையைத் திறந்து போல்ரனிலேயே இருந்துவிட்டார். சுற்றியிருந்த மலைகளில் ஓடியவர்கள் அவரிடம் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பீற் பிளாண்ட். அவரே ஒரு ஃபெல் ஓட்டக்காரர். கெண்டல் ஊரில் ஓட்டச் சாமான்கள் விற்றவர். வோல்ஷ் செய்த பெயர்பெற்ற ஃபெல் சப்பாத்தின் 'பீ.பி.' என்ற பெயர் இவருடைய முதலெழுத்துகள்தான்.

அந்தச் சப்பாத்தைத் தூக்கிப் பார்த்தால் இலேசு. அடியில் கூம்பு மாதிரியான றப்பர் முனைகள் வரிசையாக நிற்கும். புல்லுக்குள் ஆணி மாதிரி இறங்கும், கல்லில் றப்பராய் ஒட்டும். குதி உயரம் குறைவு. உள்ளே மெத்தை அதிகம் இல்லை. கால் தரைக்குக் கிட்ட இருந்தால்தான் கணுக்கால் பிரளாது, கல்லின் சாய்வையும் பாதம் உணரும். காலைச் சுற்றி இறுக்கமாக நிற்கும் மேல்துணி. இந்த வடிவத்தை ஆய்வுகூடம் கண்டுபிடிக்கவில்லை. ஓடியவர் "இங்க வழுக்குது, இங்க கழருது" எண்டு சொல்ல, செய்தவர் கேட்டு மாற்றினார். பல பத்தாண்டுகளுக்கு ஃபெல் சப்பாத்து எண்டாலே 'வோல்ஷ்' எண்டு சொல்லும் அளவுக்கு அது நிலைத்தது.

2003இல் டர்ஹம் பகுதியில் வெய்ன் ஈடி தொடங்கிய 'இனோவ் எய்ற்' வந்தபிறகு தெரிவுகள் கூடின. அவர்களின் முதல் சப்பாத்தின் பெயரோடு இருந்த 290 என்ற எண் அதன் நிறை, கிராமில். பிறகு மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கிரஃபீன் கலந்த றப்பர் அடியையும் 2018இல் கொண்டுவந்தார்கள். பொருட்கள் மாறின. ஆனால் அடிப்படை விதி பட்டறைக் காலத்தில் இருந்ததேதான்: ஆழமான முனை, தாழ்ந்த அடி, அசையாத பிடி.

இலக்கம் எங்கேயிருந்து வந்தது

இப்ப அந்த ஏழு, எட்டுக்கு வருவோம். இங்கிலீசு இலக்கம் பார்லி மணியை வைத்து எண்ணப்பட்டது. மூன்று மணி சேர்ந்தால் ஒரு அங்குலம். ஒரு இலக்கத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஒரு மணி, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீற்றர். சிறுவர் இலக்கம் நான்கு அங்குலத்தில் தொடங்கி 13 வரை போய், பெரியவர்களுக்குத் திரும்ப ஒன்றில் இருந்து எண்ணப்படும். இப்படிக் கணக்குப் பார்த்தால் பெரியவர்களின் எட்டாம் இலக்கம் 11 அங்குலம். ஐரோப்பிய இலக்கம் ஒரு சென்ரிமீற்றரின் மூன்றில் இரண்டு பங்கு வீதம் ஏறும். 42ஆம் இலக்கம் 28 சென்ரிமீற்றர். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம்.

கவனிக்க வேண்டியது இதுதான்: இந்த இரண்டு முறையும் அளப்பது உங்கட காலை இல்லை. சப்பாத்து செய்யப் பாவிக்கும் கால் அச்சின் நீளத்தைத்தான். அச்சின் வடிவத்தைத் தீர்மானிப்பது கொம்பனி. அதனால்தான் ஒரு கொம்பனியின் எட்டு சரியாய் இருக்கும், இன்னொன்றின் எட்டு கடிக்கும். பெட்டியில் சென்ரிமீற்றரில் எழுதியிருக்கும் எண் மட்டும் பொதுவாகக் கால் நீளத்தைக் குறிக்கும்.

அகலம் பற்றி இலக்கம் ஒன்றும் சொல்வதில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பெரும்பாலான சப்பாத்துகளுக்கு இடம் வலம் கூடக் கிடையாது. இரண்டும் ஒரே அச்சில் செய்தவை. போட்டுப் போட்டுத்தான் காலுக்கு வளைய வேண்டும். 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சிரகியூஸ் நகரில் சார்ள்ஸ் பிரனொக் செய்த உலோகத் தட்டுத்தான் மூன்று விடயங்களைச் சேர்த்து அளந்தது: குதியில் இருந்து விரல் நுனி வரை, குதியில் இருந்து பெருவிரல் மூட்டு வரை, பிறகு அகலம். இன்றும் சில கடைகளில் அந்தத் தட்டைக் காணலாம்.

அதே காலத்தில் இன்னொரு விசித்திரமும் நடந்தது. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் சப்பாத்துக் கடைகளில் எக்ஸ்ரே பெட்டி வைத்தார்கள். பிள்ளை காலை உள்ளே விடும், பிள்ளையும் தாயும் விற்பவரும் மேலே மூன்று துளைகளால் எட்டிப் பார்ப்பினம், சப்பாத்துக்குள் எலும்பு தெரியும். விஞ்ஞானம் எண்டு சொல்லி விற்றார்கள். கதிர்வீச்சின் ஆபத்து வெளிச்சத்துக்கு வர, 1950களில் அமெரிக்க மாநிலங்கள் தடை செய்யத் தொடங்கின. எலும்பைக் காட்டிய அந்தப் பெட்டியால் ஒன்றைக் காட்ட முடியவில்லை: எங்கே நோகுது எண்டு. அதைச் சொல்ல பிள்ளைக்கு வாய் இருந்தது. இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் பிள்ளையைக் கேட்டிருந்தால் போதும்.

யாருடைய காலுக்குச் செய்தது?

அச்சு யாருடைய காலைப் பார்த்து வெட்டப்படுகிறதோ, அவருக்குத்தான் சப்பாத்து முதலில் பொருந்தும். ஃபெல் ஓட்டத்தில் நீண்டகாலம் அது ஆண்களின் கால். 1955இல் 16 வயதான கத்லீன் கொனொக்கி ஸ்கொட்லாந்தின் பென் நெவிஸ் மலையை ஓடி ஏறி இறங்கினார், மூன்று மணித்தியாலமும் சில நிமிடங்களும்தான் எடுத்தார். ஆனால் அதிகாரபூர்வப் போட்டியாளராக அவரை ஏற்கவில்லை. பெண்களுக்கு இவ்வளவு கடினமான ஓட்டம் ஆகாது எண்ட எண்ணம் 1970கள் வரை தொடர்ந்தது. பொப் கிரஹாம் சுற்றை முதன்முதலில் ஒரு பெண், ஜீன் டோஸ், முடித்தது 1977இல். 2016இல் ஜாஸ்மின் பரிஸ் அதை 15 மணித்தியாலம் 24 நிமிடத்தில் ஓடினார். பொப் கிரஹாமை விட எட்டு மணித்தியாலத்துக்கு மேல் குறைவு. பெண்களின் பாதம் சராசரியாக முன்பக்க அகலத்தோடு ஒப்பிடக் குதி ஒடுங்கியது. ஆண் சப்பாத்தைச் சின்னதாக்கி, நிறம் மாற்றி 'பெண்களுக்கானது' எண்டு விற்றால் குதி கழரும். இன்று தனி அச்சில் செய்பவர்களும் இருக்கிறார்கள், செய்யாதவர்களும் இருக்கிறார்கள். அதனால் பெட்டியில் என்ன எழுதியிருக்கு எண்டதை விட, குதி நிற்குதா எண்டு பார்ப்பது முக்கியம். ஒடுங்கிய கால் உள்ள ஆணுக்குப் பெண்கள் அச்சு பொருந்தலாம், அகன்ற கால் உள்ள பெண்ணுக்கு ஆண்கள் அச்சு பொருந்தலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கட கால்களுக்கும் ஒரு வரலாறு இருக்கு. பாட்டாவோடும் வெறுங்காலோடும் வளர்ந்த கால்கள் இவை. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் சப்பாத்தில்லாமல் ஓடி வென்றவர்கள் எங்களுக்குள் கனபேர். இந்தியாவில் வெறுங்காலோடு வாழ்பவர்களின் பாதங்களை, சப்பாத்துப் போடும் இந்தியர்களோடும் மேற்கத்தேயரோடும் ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வெறுங்கால் பாதங்கள் ஒப்பீட்டளவில் அகன்றவை, பாரத்தைப் பாதம் முழுக்கப் பரவலாகத் தாங்குபவை எண்டு கண்டது. ஐரோப்பியக் கால் அச்சில் செய்த சப்பாத்து எங்களில் சிலருக்கு விரல்பக்கம் நெரிப்பது காலின் குறை இல்லை.

இங்கேதான் எங்கட வீட்டுப் பழக்கம் ஒன்று குறுக்கே வருது. "வளருற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா எடுப்பம்" எண்டு வாங்கி, நுனியில் பஞ்சு வைத்து, இரண்டு வருசம் போட்ட தலைமுறை நாங்கள். அது சிக்கனம், அதுக்கு நியாயம் இருந்தது. ஒரு சோடிக் காசுக்கு அம்மா எத்தனை கணக்குப் பார்த்திருப்பா எண்டு எங்களுக்குத் தெரியும். வளர்ந்தபிறகும் அந்தப் பழக்கம் காலில் நிற்குது. அகலம் போதாட்டி நீளத்தில் பெரிசாக எடுக்கிறோம். வீதியில் அது சமாளிக்கும். மலையில் சமாளிக்காது. நீளம் கூடின சப்பாத்துக்குள், இறங்கும்போது கால் முன்னுக்கு வழுக்கி விரல்கள் நுனியில் மோதும். குறுக்குச் சரிவில் கால் உள்ளுக்குள் ஒரு பக்கம் சாய, சப்பாத்து இன்னொரு பக்கம் போகும். வாங்கின பிடி எல்லாம் வீண். அகலம் போதாட்டி அகன்ற அச்சைத் தேட வேண்டும். சில கொம்பனிகள் ஒடுக்கத்தில் இருந்து அகலம் வரை ஒன்று தொடக்கம் ஐந்து எண்டு தரம் போட்டே விற்கின்றன.

முதல் சோடியைத் தெரிவு செய்யும்போது

இவ்வளவு கதையையும் கடைக்குள் கொண்டுபோனால் செய்ய வேண்டியவை இவை.

பின்னேரம் போங்கோ. நாள் முழுக்க நடந்தபிறகு கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் அதே கால்மேசைக் கொண்டுபோங்கோ. இரண்டு காலையும் எழும்பி நின்று அளக்க வேண்டும். கனபேருக்கு ஒரு கால் மற்றதை விடப் பெரிசு. பெரிய காலுக்குப் பொருத்திவிட்டு, மற்றதை நாடாவால் சரிசெய்யலாம்.

நீளம்: வீதி ஓட்டச் சப்பாத்துக்குப் பெருவிரல் அகலம் இடைவெளி விடச் சொல்வார்கள். ஃபெல் சப்பாத்துக்கு அதைவிடக் குறைய, சின்னிவிரல் அகலம் அளவில் போதும். விரல் நுனியில் முட்டவும் கூடாது. முட்டினால் முதல் நீண்ட இறக்கத்திலேயே நகம் கறுக்கும்.

குதி: நாடா கட்டிவிட்டு முன்விரலில் எம்பி நடவுங்கோ, படி ஏறிப் பாருங்கோ. குதி மேலே கழரக் கூடாது. ஏற்றத்தில் பெரும்பாலும் முன்பாதத்தில்தான் நிற்பீர்கள். சேறு உறிஞ்சும் இடத்தில் கழருகிற குதி என்றால் சப்பாத்தைச் சேற்றுக்கே கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

நடுப்பாதம்: கைகொடுத்த மாதிரி இறுக்கம் வேணும், ஆனால் மரத்துப்போகக் கூடாது. கடையில் சாய்வுப் பலகை இருந்தால் அதில் நேராக இறங்குங்கோ, பிறகு குறுக்காக நில்லுங்கோ. குறுக்காக நிற்கும்போது பாதம் அடியின் விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்தச் சோடி வேண்டாம். பலகை இல்லாட்டி வெளியில் ஒரு வாசல் சரிவு போதும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மலையோட்டக் கடைகளில் நிற்பவர்கள் பெரும்பாலும் தாங்களும் ஓடுபவர்கள், இப்படிக் கேட்பவரைப் பார்த்தால் சந்தோசப்படுவினம்.

முன்பாதம்: விரல்கள் விரியவும் மடியவும் இடம் வேணும். "போடப் போட இளகும்" எண்ட கதையை நம்ப வேண்டாம். அது தடித்த தோல் காலத்துக் கதை. இன்றைய செயற்கைத் துணி கொஞ்சம்தான் இளகும். கடையில் நோகும் இடம் மலையில் புண்ணாகும்.

அடி: சேறும் புல்லும் அதிகம் எண்டால் 6 முதல் 8 மில்லிமீற்றர் ஆழ முனைகள். முனைகளுக்கு இடையில் நல்ல இடைவெளி இருந்தால் சேறு அடையாமல் உதிரும். பாறை அதிகம் எண்டால் ஆழம் குறைந்த, மென்மையான றப்பர். மென்மையான றப்பர் ஈரக் கல்லில் ஒட்டும், தார் வீதியில் கெதியாய்த் தேயும். அதனால் பேருந்துத் தரிப்பிடத்துக்கு ஓட வேற சப்பாத்தைப் பாவியுங்கோ. தண்ணீர் புகாத துணி எண்டு கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை. மலையில் தண்ணீர் கணுக்கால் பக்கத்தால் எப்படியும் உள்ளே வரும், வந்ததை வெளியே விடாத சப்பாத்துத்தான் தொல்லை. நனைந்தபிறகு கால் உள்ளே கூடுதலாக வழுக்கும் என்பதும், இறுக்கமான பிடி கேட்பதுக்கு இன்னொரு காரணம்.

நூறு பவுண்ஸ் அளவில் கொடுத்து வாங்கும் சாமான் இது. பகுதிநேர வேலைக் காசில் வாங்கும் மாணவருக்கு அது சின்னத் தொகை இல்லை. அதனால்தான் நிறத்துக்கும் புதிசுக்கும் மயங்காமல், பழைய மொடலாக இருந்தாலும் காலுக்குப் பொருந்துவதை எடுக்கச் சொல்கிறோம். முதல் சில ஓட்டங்களைக் குறுகிய தூரத்தில், மற்றவர்களோடு சேர்ந்து, மழைச்சட்டையும் வரைபடமும் திசைகாட்டியும் விசிலும் கொண்டு போங்கோ. நல்ல சப்பாத்து வழுக்காமல் பார்க்கும், பனிமூட்டத்தில் வழி காட்டாது.

சின்ன வயதில் எங்களுக்கு வாங்கித் தந்த சப்பாத்து எல்லாம் வரப்போகும் காலுக்கு வாங்கியவை. இந்தச் சோடியை இப்ப இருக்கிற காலுக்கு வாங்குங்கோ. விற்பவர் இலக்கத்தைக் கேட்டால் சொல்லுங்கோ, பெட்டியைத் திறந்தபிறகு இலக்கத்தை மறந்துவிட்டு, போட்டு, ஏறி, இறங்கி, குறுக்காக நின்று, எங்கே நோகுது, எங்கே கழருது எண்டு அவரிடம் விபரமாகச் சொல்லுங்கோ. போல்ரன் பட்டறைக்கு வந்த ஓட்டக்காரர்கள் செய்ததும் அதைத்தான்.